ஒன்பது பேரைக் கொன்ற ஒற்றைச் சிப்பாய்

விளையாடும் மனிதர்கள் – 11

சென்ற வாரம் பிரஷ்ய ராணுவத்தின் வரைபட மேசையோடு நிறுத்தியிருந்தோம். தகப்பன் ரைஸ்விட்ஸ் 1812-இல் அரசருக்காகச் செய்த போர் விளையாட்டை, மகன் 1824-இல் வரைபடமும் பகடையுமாகச் செப்பனிட்டு அதிகாரிகள் கையில் கொடுத்த கதை அது. படித்தவர்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இதை வீட்டில் விளையாட முடியுமா, எவ்வளவு செலவாகும்?

முடியும். செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று கடைகளில் கிடைக்கும் பொம்மைப் படைகள் விலை அதிகம். பிளாஸ்டிக் உருவங்களை வாங்கி, வெட்டி ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி ஒரு படை திரட்டி முடிப்பதற்குள் சம்பளத்தில் நல்ல பகுதி கரைந்துவிடும். விதிப் புத்தகத்துக்குத் தனிச் செலவு. வார்ஹாமர் 40,000 என்ற புகழ்பெற்ற விளையாட்டு 1987-இல் வந்தது. அதன் விதிகளுக்கு 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வந்திருக்கிறது. புதியது வந்ததும் பழைய புத்தகம் பரணுக்குப் போகும்.

ஆனால் பொம்மைகள் இந்த விளையாட்டின் உடம்பு என்றால், விதிகள்தான் உயிர். அந்த விதிகளில் மிக நல்லவை சில காசே இல்லாமல் கிடைக்கின்றன. நான் மறுபடி மறுபடி எடுத்து விளையாடுபவை மூன்று. முதலாவதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அதன்மேல் எனக்கிருக்கும் பிரியம் அப்படி.

*

எச். ஜி. வெல்ஸ் என்றால் கால இயந்திரம் நினைவுக்கு வரும், செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பு நினைவுக்கு வரும். அதே வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு சிறிய புத்தகம் வெளியிட்டார். குட்டிப் போர்கள். ஈயச் சிப்பாய்களை வைத்துத் தரையில் எப்படிப் போர் நடத்துவது என்று சொல்லும் புத்தகம். அதில் உள்ள புகைப்படங்களை எடுத்தவர் அவர் மனைவி. வெல்ஸ் இறந்தது 1946-இல். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நூல் பொதுச்சொத்து என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே 2007 முதல் இங்கே இந்தப் புத்தகத்துக்கு யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. குட்டன்பர்க் மின்னூலகத்தில் முழுப் புத்தகமும் இருக்கிறது.

கதை தொடங்குவது இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில், சாண்ட்கேட் என்ற ஊரில். மதிய விருந்து முடிந்திருக்கிறது. அறையெங்கும் சிறுவனின் விளையாட்டுச் சாமான்கள் இறைந்து கிடக்கின்றன. பக்கத்து மேசையில் நாலைந்து ஈயச் சிப்பாய்கள், ஒரு பொம்மைப் பீரங்கி. அந்தப் பீரங்கிதான் முக்கியம். உள்ளே வில்சுருள், பின்பக்கமாகக் குண்டு போட்டு விசையைத் தட்டினால், ஓர் அங்குல நீளமுள்ள மரத்துண்டு சீறிக்கொண்டு போகும். ஒன்பது கஜத்துக்கு அப்பால் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது முறை சாய்த்துவிடும் என்கிறார் வெல்ஸ். விருந்துக்கு வந்த நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறிபார்த்துச் சுட்டார். ஒரு சிப்பாய் விழுந்தான். இப்போது நீ சுடு பார்க்கலாம் என்று வெல்ஸைச் சீண்டினார். புத்தகத்தில் அந்த நண்பர் பெயர் ஜே. கே. ஜே. என்ற மூன்று எழுத்துதான். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்றே எல்லோரும் கொள்கிறார்கள்.

சும்மா சுடுவதில் கொஞ்ச நேரத்தில் சலிப்புத் தட்டியது. சிப்பாய்கள் நகர்ந்தால் என்ன? ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் என்ன? கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகளை எடுத்து வந்து தரையில் அடுக்கி நிலப்பரப்பு ஆக்கினார்கள். போர் தொடங்கியது, கூடவே சிக்கலும் தொடங்கியது.

இந்தப் புத்தகத்தை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பொதுவாக விதிப் புத்தகம் எழுதுகிறவர்கள் முடிந்த முடிவைத்தான் எழுதுவார்கள். காலாள் இத்தனை அங்குலம், குதிரை இத்தனை அங்குலம், அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். வெல்ஸோ எந்த விதி எந்தச் சண்டையில் பிறந்தது, அதற்கு முன்பு என்ன செய்து பார்த்தோம், அது ஏன் உதவவில்லை என்று வரிசையாகச் சொல்கிறார்.

கைகலப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் நெருங்கி மோதினால் யார் சாவது? முதலில் காசைச் சுண்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் பூவா தலையா. ஒரு நாள் ஒற்றைச் சிப்பாய் ஒருவன் வரிசையாக ஒன்பது பேரைக் கொன்றான். தோற்றிருக்க வேண்டிய பக்கம் ஜெயித்துவிட்டது. அந்த ஒன்பது பேரையும் பார்த்துப் பார்த்து நகர்த்தி, சரியான இடத்தில் கொண்டு சேர்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? யோசித்து ஆடியதற்கு மதிப்பே இல்லை என்றால் அடுத்த தடவை எதற்காக யோசிக்க வேண்டும்? காசு சுண்டும் விதி போயிற்று.

அதன் இடத்துக்கு வந்தது ஒரு கணக்கு. மோதும் இரு பக்கமும் பின்துணையோடு இருந்தால் ஒன்றுக்கு ஒன்று சாவு. ஒரு பக்கம் துணையில்லாமல் தனியே மாட்டிக்கொண்டால் கதை வேறு. பதினொரு பேர், தனித்துவிடப்பட்ட ஒன்பது பேரைத் தாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றில் ஒன்பது போனால் இரண்டு. அந்த இரண்டு பேர் கைதிகள். மிச்சமுள்ள ஏழு பேர் செத்துப்போகிறார்கள். போகும்போது எதிரியிலும் ஏழு பேரைக் கொண்டுபோகிறார்கள். கடைசியில் நிற்பது நான்கு பேரும் இரண்டு கைதிகளும். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. துணையை விட்டு முன்னால் ஓடிய படை பிடிபடும் என்ற பாடத்தை ஒரு கழித்தல் கணக்கில் அடக்கிவிட்டார் மனிதர்.

மற்ற விதிகள் இன்னும் எளிமை. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி தூரம், குதிரைவீரன் இரண்டடி. பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் தன் ஆட்கள் நான்கு பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. ஒரு முறையில் பீரங்கியை நகர்த்தலாம், அல்லது நான்கு குண்டு வரை சுடலாம், இரண்டையும் செய்யக்கூடாது. காய் நகர்த்த நேரமும் அளந்து வைத்திருக்கிறார். முப்பது ஆளுக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம். 110 ஆளும் மூன்று பீரங்கியும் வைத்திருப்பவருக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் தரையில் தவழ்ந்து திரிந்து பார்த்தால்தான், அவசரத்தில் ஒரு படைப்பிரிவை மறந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

*

நானும் தவழ்ந்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகனோடு, எங்கள் ஊர் வீட்டின் சிவப்பு சிமென்ட் தரையில். ஈயச் சிப்பாய்க்கு எங்கே போவது? பழைய மாதக் காலண்டர் அட்டையைக் கத்தரித்து, அடிப்பக்கத்தை மடித்து நிற்க வைத்து, பக்கத்துக்கு முப்பது பேர் செய்தோம். ஒரு பக்கம் ஊதா மை, மறுபக்கம் சிவப்பு மை. ஆறு சாக்கட்டியால். மலை என் பழைய அகராதிகள். வில்சுருள் பீரங்கி இல்லாததால் கோலிக்குண்டு. பீரங்கி என்று வைத்த தீப்பெட்டிக்குப் பக்கத்தில் கோலியை வைத்து விரலால் சுண்ட வேண்டும், விழுந்தவர்கள் செத்தவர்கள்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலி ஏழு பேரைச் சரித்தது. அட்டைச் சிப்பாய்க்குக் கனமில்லை. ஒருவன் விழுந்தால் அடுத்தவனையும் தள்ளிவிடுகிறான். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, இது சரியில்ல. குண்டு பட்டவன் மட்டும்தான் சாவணும். பக்கத்துல நின்னதுக்காகச் சாகக் கூடாது.”

“அப்ப எவன் மேல குண்டு பட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கொஞ்ச நேரம் யோசித்தான். ஆளுக்கு ஆள் ஒரு ஜாண் இடைவெளி விட்டு நிறுத்தலாம் என்றான். நிறுத்தினோம். சரிந்து விழும் தொல்லை தீர்ந்தது. ஆனால் அப்படிப் பரப்பி நிறுத்திய படைக்குப் பின்துணை எட்டவில்லை. அடுத்த மோதலில் அவனுடைய ஆறு பேர் தனியே மாட்டிக்கொண்டு கைதியானார்கள். குண்டுக்குப் பயந்து பரவினால் கைகலப்பில் தோற்போம், கைகலப்புக்காகக் கூடினால் குண்டுக்கு இரையாவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தளபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே முடிச்சு, ஒரு பிற்பகலில் பன்னிரண்டு வயதுப் பையன் கைக்கு வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு நோட்டில் அவன் எழுதிய விதிகள் நான்கு. ஆற்றில் இறங்கினால் பாதி தூரம்தான் என்பது அதில் ஒன்று. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

காசு வாங்காமல் கொடுப்பது மட்டும் ஒரு விதியை நல்ல விதியாக்காது. இலவசமாகக் கிடைக்கும் விதிகளில் பாதிக்கு மேல் என்னால் இரண்டாவது தடவை ஆட முடிந்ததில்லை. காரணத்தோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதைத் திருத்தவும் முடியும். வெல்ஸ் கொடுத்தது அப்படி.

*

என் இரண்டாவது தேர்வு ‘ஸ்டார்கிரண்ட் 2’. 1996-இல் இங்கிலாந்தின் கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர்களில் முதன்மையானவர் ஜான் டஃப்லி. அச்சில் விற்ற புத்தகத்தைப் பிறகு மின்னூலாக இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். எதிர்காலக் காலாட்படைப் போர் என்பது வெளிப்பூச்சு. உள்ளே இருப்பது மனித சுபாவம். படைப்பிரிவின் தரத்துக்கு ஏற்பப் பகடை மாறும்: பயிற்சியே இல்லாதவர்களுக்கு நான்கு முகப் பகடை, சாதாரணப் படைக்கு எட்டு முகம், பொறுக்கியெடுத்த வீரர்களுக்குப் பன்னிரண்டு முகம்.

ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல. இந்த விளையாட்டில் துப்பாக்கிச் சூடு ஆளைக் கொல்வதைவிட அதிகமாகத் தலைகுனிய வைக்கும். சூட்டுக்கு ஆளான பிரிவின் பக்கத்தில் ஓர் அட்டை வைப்பார்கள்; மூன்று வரை சேரும். அட்டை இருக்கும் வரை அவர்கள் முன்னேற முடியாது, சுட முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் முறைக்கு இரண்டு செயல்தான். அதில் ஒன்றைச் செலவழித்து, தலைவன் பகடை உருட்டித் தன் ஆட்களைத் தேற்ற வேண்டும். பல தடவை தேறாது. எதிரில் நிற்பவனை ஒரு ஆள்கூடச் சாகாமல் முழு ஆட்டமும் முடக்கி வைக்கலாம். போர்ப் படங்களில் பார்க்கும் வீரதீரத்தைவிட உண்மைக்கு இது எவ்வளவோ பக்கம்.

மூன்றாவது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ என்பதே அதன் பெயர். ஒவ்வொரு படைக்கும் இரண்டு எண்: தரம் ஒன்று, காப்பு ஒன்று. தாக்குகிறவர் தரத்துக்குக் குறையாமல் உருட்டினால் அடி. தாங்குகிறவர் காப்புக்குக் குறையாமல் உருட்டினால் தப்பினார். சாதாரண ஆறுமுகப் பகடை போதும், எந்தக் கம்பெனிப் பொம்மையும் செல்லும். அரைமணியில் கற்றுக்கொள்ளலாம். ஆழம் குறைவு என்பது என் எண்ணம், ஆனால் இரண்டு பேரை முதல் நாளே ஆட வைக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

*

வெல்ஸின் கடைசிப் பக்கங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. விளையாட்டுப் புத்தகத்தின் முடிவில் அவர் நிஜப் போரை எதிர்த்து எழுதுகிறார். நாலு தடவை தரையில் ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். விளையாட வந்த ராணுவ அதிகாரிகள்கூடத் தரையில் தடுமாறியதைப் பார்த்தவர் அவர். போர்வெறி பிடித்தவர்களை எல்லாம் ஓர் அறையில் விட்டு, ஈயச் சிப்பாய்களோடு அடித்துக்கொள்ளட்டும் என்கிறார்.

புத்தகம் வந்தது 1913-இல். 1914 ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்கப் போர் மூண்டது. இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் போரை வெல்ஸ் ஆதரித்தார். போருக்கு முடிவுகட்டும் போர் என்ற பொருளில் அதே ஆண்டு ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஓர் ஆண்டுக்கு முன் அவ்வளவு தெளிவாகப் பார்த்த மனிதர் அவர். அவர் மகன்களுக்கு அப்போது வயது வரவில்லை. அவர்களைவிட ஐந்தாறு வயது மூத்த பையன்கள் பதுங்குகுழிகளுக்குப் போனார்கள். ஈயச் சிப்பாய்களைத் தரையில் அடுக்கி வளர்ந்தவர்கள் அவர்களிலும் உண்டு.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. புத்தகத்துக்குக் காசு வேண்டாம். காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், சாக்கட்டி, தையல் நாடா, நான்கு கோலி இருந்தால் போதும். இரண்டு ஆட்டம் வெல்ஸ் சொன்னபடியே ஆடுங்கள். மூன்றாவது ஆட்டத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒரு விதி சரியில்லை என்பார்கள். அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பிறந்த விதி என்ன என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம்: 1898-இல் கப்பல் போரை மேசைக்குக் கொண்டுவந்த பிரெட் ஜேன்.

(தொடரும்)