எழுத்தை ஆட வைக்கும் படிப்பு: பணம் கட்டுமுன் கொஞ்சம் பாருங்கள்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு தாய் எமது அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு வளையல்களை எடுத்து மேசையில் வைத்தார். "சேர், மகள் ஏ.எல். எழுதிட்டு வீட்ல இருக்குது. வெள்ளவத்தையில டீவி எழுத்தை ஆட வைக்கிற படிப்பு ஒன்னு இருக்காம். ஆறு மாசம். இதை அடகு வச்சுக் கட்டலாமான்னு கேக்க வந்தேன்" என்றார்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது என்ன படிப்பு என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. பிறகு விசாரித்தும், கொஞ்சம் செய்து பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

செய்தி தொடங்கும்போது தொலைக்காட்சியின் பெயர் சுழன்று வந்து நிற்கிறதே, கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெண் பெயர் பூவுக்குள்ளிருந்து எழும்பி வருகிறதே, அந்த வேலைக்குத்தான் மோஷன் கிராஃபிக்ஸ் என்று பெயர். ஆளும் மிருகமும் ஓடுகிற கார்ட்டூன் வேறு. இதில் ஓடுவது எழுத்தும் சின்னமும் கோடும்தான். வெள்ளவத்தையில் கல்யாண மண்டபமும் புடவைக் கடையும் இருக்கும்வரை, கொட்டாஞ்சேனையில் அச்சகமும் வீடியோக் கடையும் இருக்கும்வரை, இதற்குக் கொஞ்சம் வேலை இருக்கத்தான் செய்யும். இன்று அழைப்பிதழே வட்ஸ்அப்பில் ஆடிக்கொண்டு வருகிறது.

இனி அதன் அடிப்படை. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் முந்தியதைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். விரலால் சர்ரென்று புரட்டினால் புள்ளி ஓடும். அசைகிற படம் எல்லாமே இந்தக் கொப்பி வித்தைதான். சினிமாவில் வினாடிக்கு 24 படம், எமது நாட்டுத் தொலைக்காட்சியில் 25. அப்படியானால் பத்து வினாடி ஓடும் ஒரு பெயருக்கு 250 படம் வேண்டும். கையால் வரைந்தால் கை ஓய்ந்துவிடும். அந்தக் காலத்துக் கார்ட்டூன் கூடங்களில் தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். இடையிலுள்ளதை இளையவர்கள் வரைந்து நிரப்புவார்கள். அந்த முக்கியப் படத்துக்கு கீஃபிரேம் என்று பெயர். இன்று இடைப்படங்களை நிரப்புவது கொம்பியூட்டர்.

மலையில் புதுக் கன்று நடும்போது இரண்டு முனையிலும் குச்சி அடித்து நடுவில் கயிறு இழுக்கிறோம் அல்லவா? கீஃபிரேம் அந்தக் குச்சி. குச்சி எங்கே என்று நாம் சொல்ல வேண்டும், கயிற்றை கொம்பியூட்டர் இழுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் பெயர் திரைக்கு வெளியே இடப்பக்கம் இருக்கிறது, அங்கே ஒரு குச்சி. மூன்றாவது வினாடியில் நடுவில் இருக்கிறது, அங்கே இன்னொன்று. இடத்துக்கு மட்டுமல்ல, பருமனுக்கும் சுழற்சிக்கும் மங்கலாகித் தெளிவதற்கும் இப்படியே குச்சி அடிக்கலாம். அடிக்கிற நீளக் கோட்டுக்கு டைம்லைன் என்று பெயர். இந்த ஒன்று விளங்கிவிட்டால் எந்தச் செயலியைத் திறந்தாலும் பயம் இருக்காது. பொத்தான்களின் இடம் மாறும், குச்சி மாறாது.

ஆனால் கயிறு நேராக இருந்தால் எழுத்து பொம்மை மாதிரி விறைப்பாக நகரும். கொழுந்து லொறியைப் பாருங்கள். மடுவத்திலிருந்து மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்து, ஃபெக்டரி வாசலில் மெல்ல நிற்கும். எழுத்தும் அப்படி வந்து நின்றால்தான் கண்ணுக்கு இதம். அதை ஈஸ் என்கிறார்கள். தொடங்கியவரின் வேலையையும் தேர்ந்தவரின் வேலையையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இதுதான். மற்றபடி லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள். ஆங்கர் பொயின்ட் என்பது கதவின் கீல் மாதிரி. கீலை நடுவில் வைத்தால் கதவு காற்றாடியாகிவிடும்.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதைப் பல வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதே இல்லை. தமிழை அறியாத செயலியில் 'கொழுந்து' என்று அடித்தால், 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். 'ழு' உடைந்து 'ழ' வேறு, சுழி வேறாக நிற்கும். எழுத்தெழுத்தாக ஆட வைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். இங்குள்ள அச்சகங்களில் இன்றும் பாமினி எழுத்துரு புழங்குவதற்கு இது ஒரு காரணம். பாமினியில் அடித்தால் செயலி அதை ஆங்கிலம் என்று நினைத்து அப்படியே காட்டிவிடும். ஆனால் அந்த வரியைப் போனில் ஒருவருக்கு அனுப்பினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோட் தமிழ் சரியாகத் தெரிகிற இன்னொரு செயலியில் சொல்லை எழுதி, அதை உருவமாக மாற்றி, ஒவ்வொரு எழுத்தையும் தனி லேயரில் வைப்பது நல்ல வழி. நேரம் எடுக்கும். ஆனால் பிழையில்லாத தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு கை கூடுதல்.

இப்போது பணத்துக்கு வருவோம். கொழும்பில் அதிகம் கேள்விப்படுகிற பெயர் ஆஃப்டர் இஃபெக்ட்ஸ். 1993இல் அமெரிக்காவில் வந்தது, இப்போது அடோபி கம்பனியுடையது. அதற்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொம்பியூட்டரிலும் குறைந்தது 16 ஜீபீ நினைவகம் கேட்கும். சில இடங்களில் கள்ளப் பிரதியைப் போட்டுத் தருவார்கள். அதோடு வைரஸும் வரலாம், வாங்காதீர்கள். டாவின்சி ரிசோல்வ் என்ற செயலியின் இலவசப் பதிப்பிலேயே ஃபியூஷன் என்ற பகுதி இருக்கிறது. இந்த வேலைக்கு அது போதும். பிளெண்டர் முழுக்க இலவசம். 2002இல் அதை நடத்திய கம்பனி மூடப்பட்டபோது, டொன் ரோசண்டால் என்ற ஒல்லாந்துக்காரர் பாவனையாளர்களிடம் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்து, அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார். அதிலேயே செய்த 'ஃபுளோ' என்ற லத்வியா நாட்டுப் படம் 2025இல் ஒஸ்கார் விருது வாங்கியது. லெப்டொப் இல்லாத வீட்டில், நல்ல போன் இருந்தால், அலைட் மோஷன் போன்ற செயலியில் குச்சி அடித்துப் பழகலாம்.

ஆகவே முதல் ஒரு மாதப் பாடத்துக்கு வளையல் தேவையில்லை. பிள்ளை வீட்டில் மூன்று சின்ன வேலை முடிக்கட்டும். முடித்த பிறகும் ஆசை இருந்தால் கொழும்புக்குப் போகலாம். போகும்போது தாயோ தகப்பனோ கூடப் போங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிலையமா, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டா, ஆளுக்கொரு கொம்பியூட்டரா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். முன்னே படித்தவர் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், பணம் நம்முடையது. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் பல வேளைகளில் கட்டணத்தை மிஞ்சிவிடும், அதையும் எழுதிப் பாருங்கள்.

அந்தத் தாயும் மகளும் போனபோது நாங்களும் கூடப் போனோம். முதலில் பார்த்த இடத்தில் ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு பேர். அடுத்த இடத்தில் பழைய மாணவர் வேலை ஒன்றும் காட்ட இல்லை. பணம் கட்டாமல் ரயில் ஏறி வந்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் அண்ணனின் பழைய லெப்டொப்பில், இராத்திரி இராத்திரியாக அந்தப் பிள்ளை பழகியது. மாரியம்மன் திருவிழா வீடியோவுக்கு 12 வினாடியில் ஒரு தொடக்கம் செய்தது. முதல் தடவை 'திருவிழா'வில் 'ரு' உடைந்துபோனது. கோயில் பெரியவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். இரண்டாம் தடவை சரி. மூன்றாவதாகப் பார்த்த நிலையத்தில் அதைக் காட்டித்தான் சேர்ந்தது. ஒரு வளையல் அடகில் இருக்கிறது. மற்றது தாயின் கையில்.