மீண்டு வந்த பிள்ளைக்கு வேலையும் படிப்பும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி செல்லும் சாலையில் அமைந்துள்ளது எலப்புள்ளி. நெல் வயல்களும் வரப்புப் பனைகளும் நிறைந்த ஊர். வீட்டிலே தமிழும் வெளியிலே மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இப்பக்கத்தில் பல. மேற்படிப்பை நாடிப் பிள்ளைகள் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் செல்கிறார்கள். உத்தியோகத்தை நாடி வளைகுடா நாடுகளுக்கும் அவற்றுக்கு அப்பாலும் செல்கிறார்கள். சென்ற பிள்ளை நடுவிலே திரும்பி வந்துவிட்டால், "லீவா?" என்று ஊரார் கேட்பர். இரண்டு மாதம் கழிந்தபின் பிள்ளையைக் கேட்பதை விட்டுவிடுவர். தாயைக் கேட்கத் தொடங்குவர். அவ்வாறு கேட்கப்பட்ட தாய்மார்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மனப்பிறழ்வு என்னும் நோய் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையிலேதான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. பரீட்சையும் முதல் உத்தியோகமும் கல்யாணப் பேச்சும் நெருங்கி நிற்கும் பருவம் அது. உறக்கம் கெடுகிறது, பிறர் காதில் விழாத குரல்கள் கேட்கின்றன, உடன் பயில்வோர் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. தக்க மருந்து கொடுத்தால் சில வாரங்களில் குரல்கள் அடங்குவதைப் பலரிடம் காண்கிறோம். ஆனால் நோய் அடங்கிய பிறகு என்ன செய்வது என்பதை எடுத்துச் சொல்ல, நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் எவருக்கும் நேரம் இருப்பதில்லை. பிள்ளையைக் கையில் ஒப்படைத்து, மாத்திரைச் சீட்டையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சிகள் உண்டாகின்றன. "முழுக்கக் குணமாகட்டும், அதுவரை எங்கும் அனுப்ப வேண்டாம்" என்பது தாய்மாமன் கட்சி. "ஒரு பருவம் வீணாயிற்றே, திங்கட்கிழமையே கொண்டுபோய் விடுகிறேன்" என்பது தகப்பனார் கட்சி. முன்னவர் பேச்சைக் கேட்டால் ஆறு மாதம் என்பது ஆறு ஆண்டாக நீள்கிறது. பின்னவர் பேச்சைக் கேட்டால் பல பிள்ளைகள் தீபாவளிக்கு முன்பே மறுபடி நோயுற்றுத் திரும்புகிறார்கள். வேலையும் படிப்பும் குணமான பின் கிடைக்கும் பரிசு என்று இரு கட்சியாரும் கருதுகிறார்கள். அவை குணப்படுத்தும் சிகிச்சையிலே ஒரு பகுதி என்பதே நம் கருத்து. அக்கருத்துக்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது.

சென்னை மனநோய் மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. (நம் மலபார்ப் பக்கத்தில் அந்தப் பழியைக் குதிரவட்டம் சுமக்கிறது. பாவம், இரண்டு ஊர்களும் என்ன குற்றம் செய்தன!) நோயாளியைப் பூட்டி வைப்பதோடு கடமை முடிந்துவிடாது, அவர் கைத்தொழிலும் வருமானமும் பெற்று வீடு திரும்பவேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். 1984 இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தோற்றுவித்தார். 2021 இல், தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார்.

அந்நகரில் 1981, 82 ஆம் ஆண்டுகளில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். டாக்டர் தாரா முதலியோர் நடத்திய இந்த ஆய்வை உலகத்து மனநல மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்களுள் 40 ஆண்களின் உத்தியோக வாழ்க்கையைப் பத்தாண்டு காலம் தனியே ஆராய்ந்தபோது, எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாமல் வேலையில் இருந்தனர் என்று தெரிந்தது. மேல்நாடுகளில் இந்நோய் கண்டோர் வேலை பார்க்கும் விகிதம் இதைவிடப் பெரிதும் குறைவு.

காரணம் என்ன? உதவித்தொகை என்று பெரிதாக ஒன்றும் இங்கே கிடைப்பதில்லை. சம்பாதிக்காமல் இருக்க வழியில்லை. கடையோ, பட்டறையோ, வயலோ, தெரிந்தவர் ஒருவர் "வரட்டும், பார்ப்போம்" என்று இடம் கொடுத்துவிடுகிறார். வறுமையின் நெருக்குதலைப் பெருமையாகப் பேச நாம் விரும்பவில்லை. அந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது என்பதையும் மறக்கலாகாது. பெண்பிள்ளை அடுக்களையில் வேலை செய்தால் "தேறிவிட்டாள்" என்று சொல்லி, அவள் விட்டுவந்த பி.எஸ்ஸி. படிப்பை எவரும் நினைவூட்டாத வீடுகள் நம்மிடையே உண்டு. ஆயினும் நோய் வந்தவரால் வேலை பார்க்க முடியாது என்ற பழங்கூற்று அங்கே பொய்யாயிற்று என்பதில் ஐயமில்லை.

கடல் கடந்து வாழும் அன்பர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. முதன்முறை மனப்பிறழ்வு கண்ட இளைஞர்களைச் சென்னையிலும் கனடாவின் மான்ட்ரியல் நகரிலும் ஒரே முறையில் இரண்டாண்டு சிகிச்சை செய்து ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2020 இல் வெளியாயின. குரல் கேட்டல் முதலியன அடங்கியதில் இரு நகரங்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல், பேச்சுக் குறைதல் ஆகியவற்றில் மட்டும் சென்னைப் பிள்ளைகள் மேலாகத் தேறியிருந்தனர். சென்னையிலே குடும்பத்தார் சிகிச்சையில் மிகுதியாகப் பங்குகொண்டதையும் ஆய்வாளர் கண்டனர். வேலைக்கும் படிப்புக்கும் பெருந்தடையாவது அந்த ஊக்கமின்மைதான்.

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நோய் அடங்கிய பிள்ளை பகல் பதினொரு மணி வரை படுத்திருக்கிறான். புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கிறான். கேட்டால் ஒன்றும் நினைவில்லை. "சோம்பல்" என்கிறார் அப்பா. சோம்பல் அன்று. கவனமும் நினைவாற்றலும் விரைவும் குரல்களைவிட மெதுவாகவே திரும்புகின்றன. சிலருக்குச் சிறிது குறை நின்றுவிடுவதும் உண்டு. காலைத் தூக்கம் மருந்தினாலும் வரலாம். வேளையையோ அளவையோ டாக்டர் மாற்றிக் கொடுத்தால் தெளியும். வீட்டார் தாமாக மாற்றுவது ஆபத்து. கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் "இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுவதே பெருந்தவறு. முதல் முறைக்குப் பின்னும் குறைந்தது ஓராண்டு இரண்டாண்டு மருந்து வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ வழக்கு.

ஆகவே திரும்புவது படிப்படியாக இருக்கவேண்டும். ஆறு பாடங்களுக்குப் பதில் இரண்டு பாடம். முழுநாளுக்குப் பதில் அரைநாள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் இடம் கிடைத்தால் இரவு ஷிப்டைத் தவிர்த்துப் பகல் ஷிப்டைக் கேட்டு வாங்கவேண்டும். உறக்கம் கெடுவது நோய் திரும்பும் வாயில். விடுதியை விட்டு, முதல் பருவத்துக்காவது உறவினர் வீட்டிலிருந்து போய்வருவது நலம். கஞ்சாப் புகையும் நண்பர் கூட்டமும் உள்ள அறைக்கு அவனைத் திரும்ப அனுப்புவது எரியும் அடுப்பில் கையை வைப்பதற்கு ஒப்பாகும்.

முன்பெல்லாம் நெடுநாள் பயிற்சி கொடுத்து, "தயாராகிவிட்டான்" என்று கண்டபின்னரே வேலைக்கு அனுப்பினார்கள். 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்போர் இதைத் தலைகீழாக்கினர். விரும்பிய வேலையில் முதலில் அமர்த்தி, உதவியாளர் ஒருவர் தொடர்ந்து துணை நிற்பது அவர்கள் முறை. மெல்போர்ன் நகரில் முதன்முறை நோயுற்ற இளைஞரிடம் இம்முறையைக் கையாண்டு நற்பயன் கண்டதை 2008 இல் வெளியிட்டார்கள். சம்பளம் வாங்காமலே அத்துணையாளர் வேலையைச் செய்யும் அத்தைமார்களும் சித்தப்பாமார்களும் எலப்புள்ளியில் இருக்கிறார்கள். டொரொண்டோவில் தனி அறையில் வாழும் பிள்ளைக்கு அவர்கள் இல்லை. அங்குள்ள சங்கங்கள் அந்த இடத்தை நிரப்ப முன்வருமா?

எலின் சாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி யேல் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கையில் மனப்பிறழ்வு முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மீண்டும் அதே கல்லூரிக்குச் சென்று 1986 இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டப் பேராசிரியரானார். மருந்தை நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு முறையும் துன்புற்றுத் திரும்பியதை அவரே எழுதியிருக்கிறார். கல்லூரி தன் கதவைச் சாத்திவிடவில்லை என்பதே அவர் வரலாற்றில் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கதவு சாத்தப்படாமலிருக்க நாமும் செய்யவேண்டியது உண்டு. "மஞ்சள் காமாலை" என்று பொய்ச்சான்று கொடுப்பதைவிட, உண்மையான மருத்துவச் சான்றோடு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தால் இடம் காக்கப்படும். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்போர், மருத்துவச் சான்று காட்டி, கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றால், பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். அனுமதியின்றி நின்றுவிட்டால் விசாவுக்கே கேடு. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பணியிலிருக்கும்போது இயலாமைக்கு ஆளான அரசு ஊழியரை அதன் பொருட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாவிடில் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது அச்சட்டம். உடன் வேலை பார்ப்போர் அனைவருக்கும் சொல்லவேண்டும் என்பதில்லை. நம்பத்தக்க மேலதிகாரி ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதுவும் பிள்ளையின் சம்மதத்தோடுதான்.

மறுபடி உறக்கம் குறைந்தாலோ, உணவை ஐயுற்றாலோ, அறைக்குள் அடைந்துகொண்டாலோ அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் செல்லவேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. இந்தியாவுக்குள் எங்கிருந்தும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவையில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.