அருகிலுள்ள விமான நிலையம் எது?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்தது முரசுமோட்டைக் கிராமம். அவ்வூரில் முதிய தம்பதியர் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுடைய மகள், நம்மவர் பலர் நெடுங்காலமாகக் குடியேறி வாழும் இத்தாலிய நகரமாகிய பலெர்மோவில் வசிக்கிறாள். பிறந்த பேரப்பிள்ளையைக் காணவும், போகும் வழியில் மூன்று நாள் உரோமாபுரியைச் சுற்றிப் பார்க்கவும் பெற்றோர் விரும்புகின்றனர். பிரயாணத்துக்கென ஒரு போக வருமானத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றனர். எங்கே விமானம் ஏறுவது? எங்கே இறங்குவது? இவ்வினா சிறிதன்று, தவறான விடை அந்த வருமானம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும்.

வயல் செய்வோருக்கு ஒரு கணக்குத் தெரியும். களத்தில் குவிந்த நெல் முழுவதும் இலாபம் அன்று. விதை, உரம், உழவு, வெட்டுக்கூலி யாவும் கழித்து எஞ்சுவதே இலாபம். விமானச்சீட்டின் விலையும் அத்தகையதே. வாகனக் கூலி, தங்கும் செலவு, பொதிக் கட்டணம், இழக்கும் நாள் ஆகியவற்றைக் கூட்டிய பின்னரே எது மலிவு என்று சொல்ல இயலும்.

தேசப்படத்தில் பார்த்தால், முரசுமோட்டைக்கு அண்மையில் இருப்பது பலாலியே. தூரம் 80 கிலோமீற்றரளவுதான். கட்டுநாயக்காவோ 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. பலாலிக்குப் பழம்பெருமையும் உண்டு. 1947 டிசம்பர் 10ஆந் தேதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இவ்விடத்தில் இறங்கியே சென்னைக்குப் பறந்தது. பின்னர் நெடுங்காலம் அயல்நாட்டுச் சேவையின்றிக் கிடந்த அந்நிலையம், 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020இல் கொள்ளைநோயால் அது நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் வேறொரு நிறுவனமும் சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் பறந்தது.

அப்படியாயின் பலாலியில் ஏறிச் சென்னையில் மாறி உரோமாபுரிக்குப் போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு விமானங்களும் ஒரே சீட்டில் அடங்குமா, அன்றி இரு வேறு சீட்டுகளா? வேறு வேறாயின், சென்னையில் குடிவரவுப் பகுதியைக் கடந்து, பொதிகளை எடுத்து, மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு இந்திய விசா முன்னரே கையில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், இரண்டாம் நிறுவனத்துக்கு எவ்விதக் கடமையும் இல்லை. அந்தச் சீட்டு வீணாகிவிடும். பலாலிக்கு வரும் விமானங்கள் சிறியவை; பொதி எடையின் வரம்பையும் கேட்டறிதல் நன்று.

கட்டுநாயக்காவுக்குச் செல்ல ஓர் இரவுப் பிரயாணம் வேண்டும். எனினும் அங்கிருந்து தோகா, துபாய், இஸ்தான்புல் போன்ற நகரங்களில் மாறி, ஒரே சீட்டில் இத்தாலியை அடையலாம். பொதிகள் இறுதி நிலையம் வரை தாமே செல்லும். இடையில் ஒரு விமானம் தவறினால் மாற்று விமானம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே முதியவர்களுக்குத் தூரத்துக் கட்டுநாயக்காவே உண்மையில் அண்மையானது. சென்னையில் உறவினரைக் கண்டு சில நாள் தங்கிச் செல்ல எண்ணுவோருக்கோ பலாலி பொருத்தமானது.

இனி இறங்கும் இடத்தைப் பார்ப்போம். உரோமாபுரிக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. பியூமிச்சினோ நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். சாம்பினோ அதனிற் பாதித் தூரம். எனினும் பியூமிச்சினோவிலிருந்து இடைநில்லாப் புகையிரதம் 32 நிமிடத்தில் நகர் நடுவே கொண்டு சேர்க்கும். இங்கும் தூரம் வேறு, நேரம் வேறு. மிலான் பெயரால் விற்கப்படும் சில மலிவுச் சீட்டுகள் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பேர்காமோவில் இறக்கிவிடும். ஆதலால் சீட்டில் நகரின் பெயரை மட்டுமன்றி, நிலையத்தின் பெயரையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பலெர்மோவின் சொந்த நிலையம் நகரிலிருந்து 35 கிலோமீற்றரளவில் உள்ளது. திராப்பானி நிலையம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர், கத்தானியா ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கத்தானியாவுக்கு அருகே எத்னா எரிமலை சாம்பல் கக்கும் வேளைகளில் அந்நிலையம் மூடப்படுவதும் உண்டு. சீட்டு மலிவென்று அங்கே இறங்கினால், பிள்ளையைக் காண மீண்டும் பல மணி நேரம் பேருந்தில் அமர நேரிடும்.

இன்னுமொரு வழியும் உண்டு. உரோமாபுரியில் இறங்கிப் பலெர்மோவில் ஏறித் திரும்புமாறு ஒரே சீட்டாக வாங்கலாம். அவ்வாறாயின் உரோமாபுரிக்கு மீண்டும் வரும் செலவு மிச்சம். இடைப்பட்ட வழியை விமானத்தில் ஒரு மணி நேரத்திற் கடக்கலாம். புகையிரதத்தில் ஒரு பகலோ இரவோ செல்லும். புகையிரதப் பெட்டிகள் கப்பலில் ஏற்றப்பெற்று மெசினா நீரிணையைக் கடக்கும் காட்சியும் அப்போது கிட்டும்.

ஆகவே நேயர்களே, சீட்டு வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். முரசுமோட்டை வீட்டு வாசலில் தொடங்கி மகளின் வீட்டு வாசல் வரை, ஒவ்வொரு படியிலும் செல்லும் பணத்தையும் நேரத்தையும் எழுதிக் கூட்டுங்கள். விசாவும் சேவை நாட்களும் உறுதியானபின் பணத்தைச் செலுத்துங்கள். பேரப்பிள்ளையைக் கையில் ஏந்தும் வேளையில் களைப்பும் கவலையும் எவ்வழியிற் குறைவோ, அவ்வழியில் உள்ளதே உங்களுக்கு அருகிலுள்ள விமான நிலையம்.