வெப்பமானி முள் உணர்த்துவது

மோட்டார் வண்டியின் வெப்பமானி எஞ்சினின் வெப்பத்தை நேரே காட்டுவதன்று; உணரியைச் சூழ்ந்த நீரின் வெப்பத்தையே காட்டுவது. இவ்வேறுபாட்டை அறிந்தார்க்கே முள்ளின் குறிப்பு விளங்கும்.

முள் ஓங்கி நிற்பின், நீர்க்குறைவு, விசிறிப் பழுது, றேடியேற்றர் அடைப்பு, வெப்பநிலைநிறுத்தி திறவாமை என்பவற்றை முறையே ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் 80 முதல் 90 பாகை செல்சியசில் திறக்கும் அந்நிறுத்தி, திறந்தபடியே இறுகிவிடின் முள் தாழ்ந்து நிற்கும். குளிர்ந்த எஞ்சினிலும் முள் உச்சியை எட்டுமாயின், பழுது உணரியிலோ அதன் மின்கம்பியிலோ உள்ளது எனலாம்.

இவற்றினுங் கொடியது ஒன்றுண்டு. நீர் ஒழுகிக் குறைந்தபின் உணரி நீரிலன்றிக் காற்றிலே நிற்கும். எஞ்சின் தகிக்கவும் முள் தாழக்கூடும். ஆதலின், ஓங்கிய முள் திடீரெனத் தாழ்ந்தால் மகிழற்க. உடனே வண்டியை நிறுத்துக. சூடு ஆறுமுன் மூடியைத் திறவற்க. அழுத்தத்தினால் 100 பாகைக்கு மேலும் கொதியாதிருந்த நீர் பீறிட்டெழுந்து சுடும்.

மட்டக்களப்பில், 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தருகே வண்டி நின்றுவிடின், வாவி நீர் அண்மையிலேயே உண்டு. ஆயினும் கடலோடு கலக்கும் அந்நீரின் உப்பு உலோகத்தை அரிக்கும். அவசரத்துக்கு நன்னீரே வார்க்கத்தக்கது. பின்னர் ஒழுக்கை அடைத்து, உரிய குளிர்த்தித் திரவத்தை நிரப்புதல் வேண்டும். கருவி காட்டுவதை மட்டுமன்றி, அது எதனை அளக்கின்றது என்பதையும் அறிவதே அறிவு.