இரு மின்கலங்களும் ஒரு ரிலேயும்

நேர்மின்சாரத்தால் இயங்கும் சிறு மோட்டார் ஒன்றை மின்கலத்தோடு நேரே இணைத்துவிட்டால் அது ஓடத்தான் செய்யும். ஆயினும் அந்த முதல் க்ஷணத்தில் அதனுள் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள், மறுபடி அவ்வாறு இணைக்கச் சற்றே தயங்குவார்கள். 12 வோல்ட் மின்கலமும், உட்சுருளில் அரை ஓம் தடையுள்ள மோட்டாரும் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் மோட்டாரில் அந்தச் சொற்பத் தடையைத் தவிர வேறு எதிர்ப்பு இல்லையாதலால், 24 ஆம்பியர் பாய்ந்துவிடும். மோட்டார் சுழலத் தொடங்கியதும், காந்தப் புலத்தினூடே சுழலும் அதே சுருளில் மின்கலத்துக்கு எதிரான ஓர் அழுத்தம் பிறக்கிறது. வேகம் ஏற ஏற அதுவும் வளர்ந்து 10 வோல்ட்டை எட்டும்போது, மிச்சமுள்ள 2 வோல்ட்டினால் 4 ஆம்பியர்தான் செல்லும். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுவே. வேகத்தைக் குறைக்க விரும்புகிறவன் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும்.

அதற்கு மிகப் பழைய உபாயம், மின்சாரம் செல்லும் வழியில் ஒரு தடைக்கம்பியைப் புகுத்துவது. ஒன்றரை ஓம் கம்பியைச் சேர்த்தால், 4 ஆம்பியர் இழுக்கும் சுமையில் அக்கம்பி 6 வோல்ட்டை விழுங்கிவிட, வேகம் முன்னிருந்ததில் பத்தில் நான்கு பங்காக இறங்கும். நோக்கம் நிறைவேறிவிட்டது என்னவோ உண்மை. ஆனால் மின்கலம் கொடுக்கும் 48 வாட்டில் சரிபாதி உஷ்ணமாகி வீணே போகிறது. இதனினும் பெரிய குறை, வேகம் நம் வசத்தில் நில்லாமல் சுமையின் வசத்தில் நிற்பதுதான். சுமை குறைந்து ஓட்டம் 1 ஆம்பியராகிவிட்டால் கம்பியில் குறைவது ஒன்றரை வோல்ட்டே. அடக்கி வைத்ததாக நாம் எண்ணியிருந்த மோட்டார், தடையே இல்லாதபோது முழுச் சுமையோடு ஓடிய அதே வேகத்தை எட்டி நம்மைப் பரிகசிக்கும்.

12 வோல்ட் மின்கலத்தின் ஸ்தானத்தில் இரண்டு 6 வோல்ட் மின்கலங்களை வைத்துக்கொண்டால் இந்த அவஸ்தை தீருகிறது. அவற்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 6 வோல்ட், தொடர் இணைப்பில் சேர்த்தால் 12 வோல்ட். 6 வோல்ட்டில் அதே 4 ஆம்பியர் சுமைக்கு அதே குறைந்த வேகம் கிடைக்கிறது. செலவோ 48 வாட் அன்று, 24 வாட். சுமை குறைந்தாலும் வேகம் ஓரளவுக்கு மேல் தாவுவதில்லை.

இணைப்பை மாற்றும் வேலையைத்தான் ரிலே ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 வாக்கிலேயே செய்து காட்டிய இந்தச் சாதனத்தில், கால் ஆம்பியருக்கும் குறைந்த ஓட்டம் ஒரு சுருளை மின்காந்தமாக்க, அது இழுக்கும் இரும்புத் தகடு 10 ஆம்பியர் செல்லும் தொடுமுனைகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ செய்கிறது. 1897-இல் சிகாகோ நகரத்து உயர்பாதை ரயிலுக்காக பிராங்க் ஸ்பிரேக் வகுத்த முறையிலும் தத்துவம் இதுவே: ஓட்டுநரின் கைப்பிடி மெல்லிய கம்பிகளில் சிறு ஓட்டத்தை மாத்திரம் அனுப்ப, மோட்டார்களுக்குரிய பெரும் ஓட்டத்தை ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த சாதனங்களே கையாண்டன. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய ரயில்களும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

நமக்கு வேண்டியது இரண்டு மாற்றுத் தொடுமுனைத் தொகுதிகள் உள்ள ரிலே. முதல் மின்கலத்தின் நேர்முனையை மோட்டாரின் ஒரு முனைக்கும், இரண்டாவதன் எதிர்முனையை மறு முனைக்கும் நிரந்தரமாக இணைத்துவிடுக. முதலாவதன் எதிர்முனை ஒரு தொகுதியின் நடுத் தொடுமுனைக்கும், இரண்டாவதன் நேர்முனை மற்றதன் நடுத் தொடுமுனைக்கும் செல்லட்டும். ரிலே ஓய்ந்திருக்கையில் அவை தத்தம் இனமுனையோடு சேரவேண்டும்; இழுக்கப்படுகையில் ஒன்றோடொன்று சேரவேண்டும். தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் ஒரே சமயத்தில் ஏற்பட்டால் மின்கலங்கள் குறுக்கிணைப்பாகி விபரீதம் விளையும். இரண்டையும் ஒரே தகடு அசைப்பதால் அந்த அபாயத்துக்கு இங்கே அநேகமாக இடமில்லை. ரிலேயின் 6 வோல்ட் சுருளை ஏதேனும் ஒரு மின்கலத்திலிருந்து மாத்திரம் ஊட்டினால், இணைப்பு எப்படி மாறினாலும் அதன் அழுத்தம் மாறாது.

இன்னும் ஒரு நுட்பம் மீதமிருக்கிறது. குறைந்த வேகத்தில் ஓடும் மோட்டாரில் 4 வோல்ட் எதிர் அழுத்தம்தான் உண்டு. திடீரென 12 வோல்ட்டைக் கொடுத்தால் ஓட்டம் 16 ஆம்பியருக்குத் தாவும். ஆகவே அரை ஓம் கம்பி ஒன்றை வழியில் வைத்து, அதைத் தாண்டிச் செல்ல இரண்டாவது ரிலே ஒன்றை அமைக்கிறோம். புறப்படும்போதும் அழுத்தத்தை மாற்றும்போதும் கம்பி வழியில் இருக்கட்டும். வேகம் பிடித்தபின் ரிலே அதை விலக்கட்டும். புறப்பாட்டில் 6 ஆம்பியர், மாற்றத்தில் 8 ஆம்பியர்: இரண்டும் தொடுமுனைகளின் 10 ஆம்பியர் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

ரிலேயின் மேல் ‘250 வோல்ட், 10 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அது மாறுமின்சாரத்துக்கு உரியது. பக்கத்திலேயே நேர்மின்சாரத்துக்குப் பெரும்பாலும் 30 வோல்ட் என்றுதான் காணப்படும். நம் வீட்டு மாறுமின்சாரம் வினாடிக்கு 100 முறை சூனியத்தைத் தொடுவதால் முனைகளுக்கிடையே எழும் பொறி அவிந்துவிடுகிறது; நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவேளை கிடையாது. சுருளை அணைக்கும்போது எழும் அழுத்தத் துள்ளலை வடித்துவிட, சுருளின் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாக இணைப்பதும் அவசியம்.

படிகளே வேண்டாம், வேகம் வழுவழுப்பாக ஏறவேண்டும் என்பவர்கள், மின்சாரத்தை வினாடிக்குப் பன்முறை விட்டு விட்டுச் செலுத்தும் குறைகடத்திச் சாதனங்களை நாடுவதே சரி. சுமையோடு ஒரு லட்சம் முறை இயங்கக்கூடிய ரிலேயை, அது சாத்தியமென்றே வைத்துக்கொண்டாலும், வினாடிக்கு 100 முறை அடித்தால் பதினேழு நிமிஷத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். எனினும் கற்கிறவனுக்கு ரிலேதான் உகந்தது என்பது என் அபிப்பிராயம். அதன் குற்றங்கள் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும்.

இரு மின்கலங்களையும் ஒரே ரகத்ததாக, சம அளவு மின்னேற்றம் பெற்றவையாகத் தேர்ந்து, ஒவ்வொன்றின் முனையிலும் தனித்தனி ஃப்யூஸ் வைத்தபின், மோட்டாருக்குப் பதிலாக முதலில் 12 வோல்ட் விளக்கு ஒன்றைப் பூட்டிப் பார்ப்பது நல்லது. ரிலே ஓய்ந்திருக்கையில் மங்கலாகவும், இழுக்கப்பட்டதும் பிரகாசமாகவும் எரிந்தால் இணைப்பு சரி. இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி எரிந்தால், நடுத் தொடுமுனைகளின் கம்பிகளை மறுபடி சோதிக்க வேண்டும்.