படி ஏற முடியாதவர் ரயில் ஏறுவது எப்படி?

மாணவர்களே, சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் ரயில் நிலையப் படிக்கட்டின் முன் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி அடுத்த நடைமேடையில். படிகள் மட்டும் இல்லாவிட்டால் அவரும் உங்களைப் போலவே அதைப் பிடித்துவிடுவார்.

வகுப்பில் படித்த சாய்தளத்தை நினைவுகூருங்கள். 12 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் உயர்வதே இத்தகைய பாதைகளுக்குரிய பொதுவான சரிவு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். நேராகத் தூக்க 784 நியூட்டன் விசை வேண்டும். சரிவில் தள்ளுவதற்கோ, உராய்வை ஒதுக்கிவிட்டால், சுமார் 65 நியூட்டன் போதும். நீங்களே தள்ளிவிடலாம்!

ஆனால் விசை குறையும் அளவுக்குத் தூரம் கூடும். நம் நாட்டின் உயர் நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 84 சென்டிமீட்டர் வரை இருக்கும்; அதற்கு 10 மீட்டர்ச் சாய்தளம் போதும். நடைமேம்பாலம் 6 மீட்டர் உயரமானால் சாய்தளம் 72 மீட்டர் நீளும். ஏறக்குறைய மூன்று ரயில் பெட்டிகளின் நீளம்! அங்கே மின்தூக்கியே ஏற்றது.

மின்சாரம் செலவாகுமே என்கிறீர்களா? 80 கிலோகிராமை 6 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை சுமார் 4,700 ஜூல். ஒரு யூனிட் மின்சாரமோ 36 லட்சம் ஜூல். கூண்டின் எடையை எதிர் எடை சமன் செய்துவிடும். எனவே இழப்புகள் போனாலும் ஒரு யூனிட்டில் பலரை ஏற்றலாம். அதையும் கூரையே தரக்கூடும்: 2018-இல் குவாஹாட்டி நிலையம் கூரைமீது பதித்த சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் பெறத் தொடங்கியது.

அடுத்த முறை உங்கள் ஊர் நிலையத்துக்கு அளவு நாடாவுடன் செல்லுங்கள். சாய்தளத்தின் நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 12-க்குக் குறைந்தால், கணக்கோடு நிலைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதலாம் அல்லவா?