காகித ஆலையில் ஒரு துணியும் ஒரு நொதியும்



சென்னையிலிருந்து நாகபுரிக்கோ டில்லிக்கோ ரயிலில் செல்லும் நம்மவர், காஜிப்பேட்டையைக் கடந்து வடக்கே போகையில் சிர்பூர் காகஜ்நகர் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். 'காகஜ்' என்ற உருதுச் சொல்லும் நமது 'காகிதம்' என்ற சொல்லும் உறவுடையவை. ஐதராபாத் சமஸ்தானத்தில் 1938இல் நிறுவப்பெற்று, 1942இல் உற்பத்தியைத் தொடங்கிய சிர்பூர் காகித ஆலையே அவ்வூருக்குப் பெயர் தந்தது. கரூர்ப் பக்கத்திலும் காகித ஆலையைச் சுற்றி எழுந்த ஓர் ஊர் உண்டு. அதன் பெயர் காகிதபுரம். இத்தகைய ஆலைகளில் அன்றாடம் எழும் ஒரு சிறு சிக்கலையும், அதற்கு விஞ்ஞானம் கண்ட பரிகாரத்தையும் இன்று பார்ப்போம்.

காகிதம் செய்வதென்பது பெரும்பாலும் நீரை அகற்றும் வேலையே. கம்பி வலையின்மீது பாயும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நீர்தான். வலையில் வடிந்தபின்னும் ஏறத்தாழ எண்பது பங்கு நீர் எஞ்சி நிற்கும். அந்த ஈரத்தாளை ஒரு தடித்த துணியின்மேல் ஏற்றி, இரண்டு கனத்த உருளைகளுக்கிடையே செலுத்திப் பிழிகிறார்கள். பிழிந்த நீரைத் துணி வாங்கிக்கொள்கிறது. ஆலைக்காரர்கள் இதை 'ஃபெல்ட்' என்பார்கள். முன்னாளில் இது ஆட்டு ரோமத்தால் ஆனது. இந்நாளில் நைலான் இழையால் ஆனது.

இத்துணியின் நுண்துளைகள் திறந்திருக்க வேண்டும். இங்கே நூற்றுக்கு ஒரு பங்கு நீர் கூடுதலாகப் பிழியப்பட்டால், அடுத்து உலர்த்தும் உருளைகளில் ஏறக்குறைய நான்கு பங்கு நீராவி மிச்சமாகும். நீராவி என்றால் நிலக்கரி. நிலக்கரி என்றால் பணம்.

ஆனால் துணி ஓயாமல் ஓடும்போது, தாளுக்கு வலுவூட்டச் சேர்த்த மாவுப்பசை, மரத்தின் பிசின், பழைய காகிதத்தோடு வந்த ஒட்டுப்பசை ஆகியவை அதில் படிகின்றன. கஞ்சி போட்ட வேட்டி நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை அல்லவா? அந்நிலைதான் இங்கும். தாளில் ஈரக்கோடுகள் விழும்; தாள் அறுந்து யந்திரம் நிற்கும்.

இதற்குப் பழைய வைத்தியம், யந்திரத்தை நிறுத்திக் காஸ்டிக் சோடா, அமிலம், மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பான்கள் ஆகியவற்றால் கழுவுவது. அழுக்குப் போகும். ஆயினும் காஸ்டிக் தொழிலாளியின் தோலையும் கண்ணையும் எரிக்கும். கடும் அமிலம் நைலான் இழையையே அரிக்கும். கழுவிய நீரும் எங்கேனும் போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும்?

இங்கேதான் நொதி உதவிக்கு வருகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மீது தனிப் பிரியம் உண்டு. மாவு புளித்து நொதிப்பதை அறிந்த நம் மக்களுக்கு, அதைச் செய்விக்கும் பொருளுக்கு 'நொதி' என்ற பெயரைவிடப் பொருத்தமானது எது? சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது; உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக வெட்டுவதே காரணம். 1833இலேயே பிரெஞ்சு அறிஞர்களான பயனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து இவ்வினப் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

நொதியின் சிறப்பு, தனக்குரியதை மட்டுமே வெட்டுவது. மாவுப்பசைக்கு அமிலேஸ், பிசினிலுள்ள கொழுப்புக்கு லிபேஸ், பழைய காகிதத்தின் ஒட்டுப்பசைக்கு எஸ்டரேஸ். இவை நைலானைத் தொடுவதில்லை. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறிதளவை நீரில் கலந்து துணியின்மேல் தெளிக்கலாம். 1990ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் லிபேஸைக் கூழிலேயே கலந்து பிசின் தொல்லையைக் குறைத்தார்கள். எஸ்டரேஸ் முறைக்காக அமெரிக்காவின் பக்மன் நிறுவனம் 2004இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

எனினும் நொதி சர்வரோக நிவாரணி அன்று. கொதிநீரிலும் கடும் காரத்திலும் அது செயலிழக்கும். குளோரின் அதைக் கெடுக்கும். சுண்ணாம்புப் படிவை அது அசைக்காது. ஆகவே துணியில் படிந்தது யாதென்று முதலில் சோதனைச் சாலையில் அறிய வேண்டும். நோயறிந்தே மருந்து.

சிர்பூர் ஆலை 2014இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்தன. 2018இல் அது ஜே.கே. பேப்பர் நிறுவனத்தின் கைக்கு வந்து, பின்னர் மீண்டும் ஓடத் தொடங்கியது. எந்த ஆலையின் வாழ்வும் ஒரு துணியில் அடங்கிவிடுவதில்லை. ஆயினும் நிலக்கரியில் ஒரு பங்கு, நீரில் ஒரு பங்கு, தொழிலாளியின் உடல்நலத்தில் ஒரு பங்கு என்று மிச்சம் பிடிக்கும் ஆலையே நெடுநாள் நிற்கும். அடுத்த முறை காகஜ்நகர் நிலையத்தைக் கடக்கும்போது, உங்கள் கையிலுள்ள செய்தித்தாளைப் பிழிந்து தந்த அத்துணியையும் சற்றே நினையுங்கள்.